நூற்றி முப்பது குதிரையும் ஒரு மன்னார்க் கழுதையும்

மருமோன், நீ பழைய பேஜோ 205 ஒண்டு வாங்கப் போறாயாம் எண்டு தாராபுரத்தில இருந்து தலைமன்னார் வரைக்கும் கதை அடிபடுது. நல்ல சந்தோசம். தடுக்கிற ஆள் நான் இல்லை. எங்கட ஊரில ஒருத்தன் காசைக் கடலில கொட்டப் போறன் எண்டால், வள்ளத்தைத் தள்ளி இறக்கிக் குடுக்கிற சனம் நாங்கள். ஆனால் எந்த இடத்தில ஆழம் கூட எண்டு சொல்லிவிட வேண்டிய கடமை மாமனுக்கு இருக்கு. அதுக்காகத்தான் இவ்வளவு கதையும்.

முதலில உன்ர காரைப் பற்றி நீ சொல்லுற புளுகில எவ்வளவு மெய் எண்டு பாப்பம். மெய்தான், இல்லை எண்டு சொல்லேலாது. 1984இல பிரான்ஸ்காரன் தன்ர சின்ன 205 காருக்குள்ள 1.6 லீற்றர் எஞ்சினை வைச்சு, 105 குதிரை எண்டு சொல்லி ஜீ.ரீ.ஐ எண்ட பேரில இறக்கினவன். பிறகு அதையே 115 ஆக்கினான். அதுவும் காணாதெண்டு 1.9 லீற்றர் எஞ்சினை வைச்சு 130 ஆக்கினான். வண்டியின்ர பாரம் தொளாயிரம் கிலோவுக்குக் கிட்டத்தான். பாரமில்லாத உடம்பு, பெரிய எஞ்சின், உள்ளுக்குச் சிவப்புக் கம்பளம். அந்தக் காலத்து ஐரோப்பிய இளந்தாரியளுக்கு விசர் பிடிக்காமல் என்ன செய்யும்? உனக்கு நாப்பது வருசம் பிந்திப் பிடிச்சிருக்கு. எங்கட தீவுக்கு எல்லாம் கொஞ்சம் பிந்தித்தானே வரும்.

அந்தக் காரின்ர பெரிய பேர் வளைவில. நல்ல வேகத்தில வளைவுக்குள்ள இறக்கினால் தண்டவாளம் போட்டாப்போல போகுமாம். நடு வளைவில பயந்து அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தியோ, பின்பக்கம் முன்னுக்கு வரப் பாக்குமாம். எத்தினையோ வெள்ளைக்காரன் பின்பக்கமாய் வேலிக்குள்ள போய் இறங்கித்தான் அந்தப் பாடத்தைப் படிச்சவன். இப்ப மாமன் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. மன்னாரில வளைவு எங்கையடா இருக்கு? தாம்போதி மூண்டு கிலோமீற்றருக்குக் கிட்ட, நூல் பிடிச்ச நேர். பாலத்தை 2010இல புதிசாய்க் கட்டினவங்களும் உனக்காக ஒரு வளைவு வைக்கேல்லை. அங்கால பேசாலை தாண்டித் தலைமன்னார் மட்டும் பனையும் மணலும் நேர் றோட்டும். வளைவு வேணுமெண்டால் மலையகத்துக்குப் போ. போய்ச் சேரும் மட்டும் அந்த வண்டி தாங்கினால்.

சரி, நேர் றோட்டில விட்டுப் பாப்பன் எண்டு நினைப்பாய். நினைக்கலாம். ராவில தார் சூடு ஆறாமல் கிடக்கிற நேரம் எங்கட கழுதைப் பிள்ளையள் குடும்பமாய் வந்து நடு றோட்டில நிக்கும். அராபிய வியாபாரியள் கொண்டு வந்து விட்ட பரம்பரை எண்டு சொல்லுவினம். பெருக்க மரத்துக்குச் சொல்லுற அதே கதை. அதுகள் ஹோனுக்கு விலகாது, லைற்றுக்கு விலகாது, பிரெஞ்சில பேசினாலும் விலகாது. உன்ர 130 குதிரையும் ஒரு கழுதைக்கு முன்னால கைகட்டி நிக்கும். கழுதைக்கெண்டு மன்னாரில ஒரு வைத்திய நிலையம் திறந்தவங்கள். பேஜோவுக்கு இன்னும் ஒருத்தரும் திறக்கேல்லை. மோதினால் ஆருக்குக் கெதியாய்ச் சுகம் வரும் எண்டு நீயே யோசி.

போன கிழமை தேத்தண்ணிக் கடையில நீ அடிச்ச கதையும் என்ர காதுக்கு வந்தது. "இந்தக் கார் பாலைவன மணலில ஓடி டக்கார் ரேஸ் வென்றது, எங்கட உருமலை மணல் இதுக்கு என்ன கணக்கு" எண்டியாம். வென்றது மெய். 1987இலயும் 1988இலயும் வென்றது. 1985, 1986 ரெண்டு வருசமும் உலக ரலியையும் எடுத்தது. ஆனால் அது ரேர்போ 16. அதுக்கு எஞ்சின் ஓட்டுறவனுக்குப் பின்னால, நாலு சில்லும் இழுக்கும். உன்ர வண்டிக்கும் அதுக்கும் முகமும் பேரும்தான் ஒண்டு. உன்ரை முன் சில்லு ரெண்டும் மட்டும் இழுக்கிற சாதி. உருமலையில இறக்கினால் ஏத்திறதுக்கு உழவு மெசின் கூப்பிடவேணும், வாடகை உன்ர கணக்கில. இன்னொரு விசயம் தெரியுமோ? அந்த 1988 ஓட்டத்தில முன்னுக்கு நிண்டது வத்தனன் எண்டவன் ஓடின பேஜோ 405. மாலி நாட்டில, பமாக்கோவில வைச்சு ஆரோ அந்தக் காரைக் களவெடுத்துப்போட்டாங்கள். திரும்பக் கிடைச்சும் நேரம் பிந்தினதால ஆளைத் தள்ளிப்போட்டு, 205இல வந்த கங்குனனுக்குப் போச்சுது வெற்றி. உனக்கு அந்தப் பயம் வேண்டாம். வாசலில திறப்போட விட்டிட்டு வா, உன்ர வண்டியை ஒருத்தனும் தொடமாட்டான். அதை ஸ்ராட் பண்ணுற வித்தை உனக்கே மட்டுமட்டு.

பாரிசில சித்தப்பா இருக்கிறார், லாச்சப்பலில கடை, அங்கையிருந்து நல்ல வண்டி ஒண்டை அனுப்பச் சொல்லுவம் எண்டும் ஒரு யோசினை உனக்கு இருக்காம். அதைக் கேட்டுத்தான் நான் கூடச் சிரிச்சன். 2020இல பூட்டின வாகன இறக்குமதிக் கதவை 2025 மாசியிலதான் தனியாருக்குத் திறந்தவங்கள். திறந்ததும் புது வண்டிக்கும், கொஞ்சம் பாவிச்ச வண்டிக்கும்தான். உன்ர வயசை விடக் கூட வயசான வண்டிக்கில்லை. அதுவும் பாரிஸ் வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த றோட்டில இடப்பக்கம் இருந்து மணல் லொறியை முந்திறதெண்டால், பக்கத்தில ஒரு ஆளை வைச்சு "வா, வா, நில்லு" எண்டு சொல்லிவிக்கவேணும். சித்தப்பாட்ட வண்டி கேக்காதை, சாமான் கேள். சித்தி வரேக்க சென்ற் போத்திலுக்குப் பதிலாய் ஒரு பின்னச்சு பெயறிங் செற் கொண்டு வரட்டும். அவ உன்னோட ஆறு மாசம் கதைக்கமாட்டா. அதுவும் ஒரு நன்மைதான்.

ஆகவே உனக்குக் கிடைக்கப் போறது கொழும்புப் பக்கம் ஆரோ வீட்டு மதிலுக்குப் பின்னால நிக்கிற சாதாரண 205. விக்கிறவன் "சும்மா ஒரு சின்ன வேலைதான் தம்பி" எண்டு சொல்லுவான். அந்தச் சின்ன வேலையைச் செய்து முடிச்சுப்போட்டு அவனே ஏன் ஓடேல்லை எண்டு மட்டும் கேக்காதை. பாவம், அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. வாங்கினதும் நீ அதை ஜீ.ரீ.ஐ ஆக்கப் போறாய். பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையளில அலைஞ்சு 405இன்ர 1.9 எஞ்சின் ஒண்டு தேடுவாய். கிடைச்சால் பொருந்தும், அதில பொய்யில்லை. உலகம் முழுக்க 205 வைச்சிருக்கிற விசரரில பாதிப்பேர் 405இன்ர பதினாறு வால்வ் எஞ்சினைத் தூக்கி உள்ளுக்கு வைச்சவங்கள்தான். 160 குதிரை. ஆனால் எஞ்சின் மாறினால் வண்டிப் புத்தகத்தில எஞ்சின் நம்பரும் மாறவேணும். அதுக்கு மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு நடக்கவேணும். பிறகு வருசா வருசம் புகைப் பரிசோதனை. அந்தச் சான்று இல்லாமல் வரிப் பத்திரம் எடுக்கேலாது. 160 குதிரையும் வரிசையில நிக்கும், நீ கடுதாசிக் கட்டோட பக்கத்தில நிப்பாய்.

இவ்வளவும் பகிடி. இனிச் சொல்லப் போறது பகிடி இல்லை, காதைக் குடு.

அந்த 1.9 எஞ்சினின்ர உடம்பு அலுமினியம். அதுக்குள்ள சிலிண்டர் லைனர் நாலும் தனித்தனியாய் நிக்கும், அதைச் சுத்தித் தண்ணி ஓடும். அடியில மெல்லிய சீல் ஒண்டுதான் தண்ணியை ஒயிலுக்கு இறங்கவிடாமல் பிடிச்சிருக்கு. மேலால ஹெட் அமத்திக்கொண்டிருக்கிற மட்டும் லைனர் அசையாது. எங்கட கராச் பாஸ் ஹெட்டைக் கழட்டின கையோட, "எங்க, ஒருக்கால் கிறாங்கைச் சுத்திப் பாப்பம்" எண்டு சுத்தினாரோ, பிஸ்டன் லைனரை மேல தூக்கும், அடிச் சீல் போகும். ஹெட்டைத் திருப்பிப் பூட்டி, ரெண்டு நாள் ஓடின பிறகு ஒயில் தண்டை இழுத்துப் பார்: பால் தேத்தண்ணி நிறத்தில வரும். அதுக்குப் பிறகு எஞ்சின் முழுக்க அவிழ்க்கவேணும். ஹெட் கழட்டின உடனே பெரிய வாசர் போட்டு லைனரை போல்ற்றால அமத்திப் பூட்டச் சொல்லு. பாஸுக்குக் கோவம் வரும். வரட்டும். அவர் பெரியாள்தான், ஆனால் அவர் கை வைச்சுப் பழகினது ரொயோட்டா. ரொயோட்டா கனக்க மன்னிக்கும். பிரெஞ்சுக்காரி மன்னிக்கமாட்டாள்.

ரேடியேற்றருக்கு என்ன விடப் போறாய்? கிணத்துத் தண்ணி. அதுதானே எங்கட வழக்கம். எங்கட கிணத்துத் தண்ணியை வாயில விட்டுப் பார், பாதிக் கிணறு சவர். அதைக் கொண்டுபோய் அலுமினியத்துக்குள்ள விட்டால் உள்ளுக்கிருந்தே அரிச்சுத் திண்டிடும், வெளியால ஒண்டும் தெரியாது. கூலன்ற் வாங்கு, பற்றரிக்கு விடுற வடிச்ச தண்ணியில கலந்து விடு. சைலன்சரை மாத்திச் சத்தம் கூட்டவெண்டு எடுத்து வைச்ச காசில பத்தில ஒண்டு காணும். சத்தம் கூட்டினால் பொலிஸ் மறிக்கும், கூலன்ற் விட்டால் ஒருத்தரும் மறிக்கமாட்டாங்கள். அதுதான் உன்னைப் போல ஆக்களுக்கு அதில ருசி இல்லை.

இனிப் பின்னச்சு. மருமோன், அந்த வண்டியின்ர சீவன் எஞ்சினில இல்லை, பின்னச்சில. குறுக்கால ஒரு இரும்புக் குழாய். அதின்ர ரெண்டு அந்தத்திலயும் ரெண்டு கை, கையில சில்லு. கை ஏறி இறங்கத் திரும்புற இடத்தில ஊசி ஊசியாய் உருளை வைச்ச பெயறிங். அதுக்கு வெளியால ஒரு றப்பர் சீல். காலம் போக சீல் காய்ஞ்சு இறுகும். மழைத் தண்ணியும் உப்புத் தூவானமும் உள்ளுக்குப் போகும். ஊசி கறள் பிடிக்கும். கறள் பிடிச்ச ஊசி உருளாமல் நிண்டு, திரும்புற தண்டை அறுக்கும். தண்டைக் கழட்டிக் கையில எடுத்து நகத்தால ஓடவிட்டுப் பார், வரிவரியாய்த் தட்டுப்படும். தட்டுப்பட்டால் பெயறிங்கை மட்டும் மாத்திப் பிரயோசனம் இல்லை, தண்டும் மாறவேணும். லேத் கடைக்காரன் "பித்தளையில புஷ் கடைஞ்சு அடிச்சுத் தாறன், பேரப்பிள்ளை காலம் மட்டும் கிடக்கும்" எண்டு ஆசை காட்டுவான். அவன் சொல்லுறது மீன்பிடி வள்ளத்துக்கு மெய். இதில புஷ் இறுகினால் பின்பக்கம் கட்டையாய்ப் போகும். பிறகு அந்த வளைவுப் புளுகுக்கு ஆதாரமே இல்லை.

இதெல்லாம் கழட்டாமலே பிடிக்க ஒரு வழி இருக்கு. விக்கிறவன் பொனற்றைத் திறந்து எஞ்சினைக் காட்டுவான். நீ பின்னால போ. சாரத்தை ஒதுக்கிக் குந்தி இருந்து, பின் சில்லு ரெண்டையும் பார். மேல்பக்கம் உள்ளுக்குச் சரிஞ்சு, கீழ்ப்பக்கம் வெளியால அகண்டு நிண்டால் அச்சு முடிஞ்சுது. ரயரின்ர உள் ஓரத்தைக் கையால தடவு, அங்க மட்டும் மொட்டையாய் இருக்கும். பின்பக்கத்தை அமத்தி விட்டுக் கேள், கதவுப் பிணைச்சல் கத்துற சத்தம் வரும். விக்கிறவன் "அது ஸ்போட்ஸ் வண்டி, அப்பிடித்தான் நிக்கும்" எண்டு சொல்லுவான். தலையை ஆட்டிக்கொண்டு விலையில பாதியைக் குறை.

நீ காரைப் பதிக்கப் போறாய் எண்டும் கேள்விப்பட்டன். நிலத்தோட ஒட்டி நிண்டால் வடிவாம். கார்த்திகை, மார்கழியில எங்கட ஒழுங்கையில முழங்கால் தண்ணி நிக்கேக்க அந்த வடிவைப் பாக்க நானும் வாறன், குடையோட. மாத்தத்தான் வேணுமெண்டால் மாமன் சொல்லுற மாத்தத்தைச் செய். பின்னச்சைக் கழட்டி மேசையில வைச்சு, குழாயில ஒரு துளை போட்டு, கிறீஸ் நிப்பிள் ஒண்டு பூட்டு. வண்டியில இருக்கேக்க துளைக்காதை, இரும்புத்தூள் உள்ளுக்குப் போகும். புதுச் சீல் போட்டு, மாசத்துக்கு ஒருக்கால் கிறீஸ் அடி. ஒருத்தருக்கும் தெரியாத மாத்தம், ஒருத்தரும் படம் எடுக்கமாட்டினம். ஆனால் மன்னாரில 205 வைச்சிருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய மாத்தம் கிடையாது.

ஏனெண்டு கேக்கிறியோ? வெளியால வந்து பார். தீவின்ர தெற்குக் கரையில முப்பது காத்தாடி நிக்குது. 2020இல தொடங்கின தம்பபவனி. நூறு மெகாவாட்டுக்கு மேல. சும்மா வடிவுக்கு நட்டு வைச்சவங்கள் எண்டு நினைச்சியோ? வைகாசி தொடங்கினால் புரட்டாதி மட்டும் சோளகம் ஒரு மூச்சாய் அடிக்கும், பிறகு வாடை. ரெண்டு பக்கமும் கடல். எந்தப் பக்கம் அடிச்சாலும் உப்பு. அந்தக் காத்து காத்தாடியைச் சுத்திப்போட்டு, நேராய் வந்து உன்ர வண்டிக்கு அடியில புகும். கம்பளத்தை உயர்த்திப் பார், பின் சில்லு மேலில இருக்கிற தகரத்தைத் தட்டிப் பார், பற்றரிக்குக் கீழ் தட்டைச் சுரண்டிப் பார். பட்டி வைச்சுப் பூசின இடத்தில தட்டினால் சத்தம் வேற. வயரெல்லாம் இணையிற இடத்தில பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். எஞ்சின் சும்மா நிக்கேக்க ஏறி இறங்கி மூச்சு வாங்கினால், பாஸ் "கொம்பியூட்டர் போச்சு" எண்டு சொல்லுவார். போகேல்லை. உடம்பில பூட்டின எர்த் வயரைக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வசிலீன் பூசிப் பூட்டிப் பார். பாதி நோய் அதில போயிடும். மிச்சம் பாதிக்கு, காத்து உள்ளுக்குப் போற குழாயில வெடிப்பு இருக்கோ எண்டு பார்.

ஆகவே கடற்கரைக்குக் கொண்டு போன அண்டைக்கு இரவே நல்ல தண்ணியால அடியைக் கழுவு. மேலை கழுவாட்டிலும் பறவாயில்லை. உனக்கு மேல் கழுவத்தான் விருப்பம் எண்டு எனக்குத் தெரியும். பவுசர் தண்ணி காசு எண்டு அம்மா கத்துவா. நீ குளிக்கிறதைக் குறை.

ரெனோ 5 ஜீ.ரீ ரேர்போ எண்டு இன்னொரு பேரும் உன்ர வாயில வருதாம். அந்தப் பக்கமே திரும்பாதை. அதுக்குக் கார்பரேற்றருக்குத்தான் ரேர்போ காத்தை ஊதும். ஓடி நிப்பாட்டினால் சூட்டில பெற்றோல் கொதிச்சு, திரும்ப ஸ்ராட் வராது. கார்பரேற்றரைக் குளிராக்கவெண்டே கொம்பனிக்காரன் தனி விசிறி வைச்சவன். குளிர் நாட்டிலயே அந்தக் கெதி. சித்திரை வெயிலில மன்னார் பஸ் நிலையத்தடியில நிப்பாட்டிப் பார், பின்னேரம் மட்டும் அதிலயே குடியிருக்கலாம்.

ஒரு விசயத்தில மட்டும் எனக்கு நம்பிக்கை இருக்கு: இந்த வண்டியைப் பாக்கக்கூடிய கை எங்கட ஊரில இன்னும் இருக்கு. தொண்ணூறுகளில பெற்றோலுக்குத் தடை போட்ட காலத்தில, வடக்கில ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில ஓடினது உனக்குத் தெரியாது, நீ பிறக்கேல்லை. சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்கள். பின்னால போறவனுக்குக் கண் எரியும். அந்த எஞ்சினுகள் ஏழுக்கு ஒண்டு அளவில அமுக்கிற பழசுகள், அதாலதான் மண்ணெண்ணெயையும் சகிச்சுது. உன்ர 1.9 ஒன்பதரைக்கு மேல அமுக்கும், அதோட இன்ஜெக்சன். மண்ணெண்ணெய் மணத்தாலே கோவிச்சுக்கொண்டு நிண்டிடும். 2022இல பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கின காலத்தில உன்னட்ட இந்தக் கார் இருந்திருந்தால், வேகத்தின்ர விலை வடிவாய் விளங்கியிருக்கும். ஆனால் அந்த மண்ணெண்ணெய்க் காலத்து ஆக்கள் சாமான் இல்லாமலே வண்டி ஓட்டினவங்கள். அவங்களில ஒண்டு ரெண்டு பேர் இன்னும் இருக்கினம், லேத் கடைக்குப் பக்கத்தில. விசைப்படகு எஞ்சின் செய்யிற கிழவனைப் பிடி. கடல் எஞ்சின் செய்யிறவனுக்கு உப்பு எண்டால் என்னெண்டு தெரியும். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது, தேவையும் இல்லை. நீ சித்தப்பாட்டச் சொல்லி அந்த வண்டியின்ர வேர்க்ஷொப் புத்தகத்தை எடுப்பி. படத்தைக் காட்டினால் அவன் மிச்சத்தைப் பாப்பான்.

வாங்கிறதெண்டு முடிவெடுத்திட்டாய், எனக்குத் தெரியும். நான் இவ்வளவு கதைச்சதும் காத்தோட போச்சு. போகட்டும். முதல் வருசம் எஞ்சினுக்கு ஒரு குதிரையும் கூட்டாதை. பின்னச்சு, பிறேக், கூலன்ற் குழாய், ரைமிங் பெல்ற், எர்த் வயர், அடித்தகரம். இதுக்குக் காசு முடிஞ்சு மிச்சம் இருந்தால் சிவப்புக் கம்பளம் போடு. பேசாலையில இருந்து வரேக்க ஆரும் மீன்பெட்டி ஏத்தச் சொல்லிக் கேட்டால் "பிரெஞ்சு வண்டிக்கு வெடுக்கு ஆகாது" எண்டு சொல்லு. நான் கேட்டால் மட்டும் ஏத்து.

பின்னச்சு கழட்டிற நாளை முன்னமே சொல்லிவிடு. சேர்க்ளிப் குறடும் பெயறிங் இழுக்கிற கொழுவியும் என்னட்டக் கிடக்கு. போன முறை உன்ர தமையன் கொண்டுபோன பதினேழாம் நம்பர் ஸ்பானர் வந்து சேர்ந்தால் தருவன்.